வேலை பார்க்கும் இடத்தில் தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்கா? பூட்டிய கதவு முதல் சிவப்பு சிலிண்டர் வரை... முழு விவரம்

ஆபீஸ், கடை, கம்பெனி... எங்கே வேலை பார்த்தாலும் உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்க தினமும் உள்ளே வர்ற வாசலை விட்டுட்டா, வெளியே போக இன்னொரு வழி எது? அந்தக் கதவு இப்போ தள்ளினா திறக்குமா?

"தெரியலையே", "அது எப்பவும் பூட்டித்தான் இருக்கும்", "அந்தப் படிக்கட்டுல அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்காங்க"... இதில் ஏதாவது ஒன்று உங்கள் பதிலாக இருந்தால், இந்தச் செய்தி உங்களுக்குத்தான்.

வேலை செய்யும் இடங்களில் நடந்த பெரிய தீ விபத்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. தீ எப்படிப் பிடித்தது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் இத்தனை உயிர் ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: வெளியே வர வழி இல்லை. தீ எப்படி ஆரம்பிக்கிறது, எப்படித் தடுப்பது, பிடித்துவிட்டால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

100 ஆண்டுகளாக மாறாத கதை

1911 மார்ச் 25. நியூயார்க் நகரில் 'ட்ரையாங்கிள்' என்ற ஆயத்த ஆடை நிறுவனம். 10 மாடிக் கட்டடத்தின் 8, 9, 10-வது மாடிகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் தீப்பிடித்தது. 9-வது மாடியில் இருந்த இரண்டு படிக்கட்டுகளில் ஒன்றின் கதவு பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக்கூடாது, எல்லோரும் ஒரே வாசல் வழியாகச் சோதனை முடிந்துதான் போகவேண்டும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. தீயணைப்புத் துறையின் ஏணி 6-வது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இளம்பெண்கள்.

அதற்கு 101 ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பர் 11. பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு ஆயத்த ஆடை ஆலை தீப்பிடித்தது. 250 பேருக்கும் மேல் பலி. தீ வைக்கப்பட்டதா, தானாகப் பிடித்ததா என்று பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. ஆனால் ஜன்னல்களில் கம்பி அடித்திருந்தது, வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 24. வங்கதேசத்தில், டாக்கா அருகே 'தஸ்ரீன்' ஆடை ஆலை. தரைத்தளத்தில் துணியும் நூலும் குவித்து வைத்திருந்த இடத்தில் தீ ஆரம்பித்தது. எல்லாப் படிக்கட்டும் அதே தரைத்தளத்தில்தான் வந்து முடிந்தன. அலாரம் அடித்தபோது, "ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாருங்க" என்ற ரீதியில் மேலாளர்கள் திருப்பி அனுப்பியதாக விசாரணையில் தெரியவந்தது. குறைந்தது 112 பேர் இறந்தார்கள்.

"இதெல்லாம் வெளிநாடு" என்று நினைக்க வேண்டாம்.

* பெங்களூரு, 2010 பிப்ரவரி 23: கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடம். கீழ்மாடியில் மின்வயர்கள் போகும் இடத்தில் ஆரம்பித்த தீயின் புகை மேல்மாடிகளை நிரப்பியது. கண்ணாடியை உடைத்துச் சிலர் கீழே குதித்தார்கள். 9 பேர் பலி.
* டெல்லி அனாஜ் மண்டி, 2019 டிசம்பர் 8: சிறு தொழிற்கூடங்கள் இயங்கிய கட்டடம். தொழிலாளர்கள் வேலை பார்த்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் தீ. 43 பேர் பலி. பெரும்பாலானோர் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள்.
* டெல்லி முண்ட்கா, 2022 மே 13: பல மாடி வணிகக் கட்டடம். ஏறி இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. 27 பேர் பலி.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

2017 மே 31 அதிகாலை, சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் 7 மாடி ஜவுளிக்கடையில் தீப்பிடித்ததை டிவியில் பார்த்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு நாளுக்கும் மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, பிறகு மொத்தமும் இடிக்கப்பட்டது. அத்தனை துணி, அத்தனை புகை. தீயணைப்பு வீரர்களால் எளிதில் உள்ளே நுழையவே முடியவில்லை. அதிகாலை என்பதால் வாடிக்கையாளர்கள் உள்ளே இல்லை. அதுவே ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாக இருந்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

2020 நவம்பர் 14, தீபாவளி நாள் அதிகாலை. மதுரையில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக்கடையில் தீ. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மீது கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அடைத்து வைத்த சரக்கும் பழைய கட்டடமும் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, காப்பாற்ற வருகிறவர்களுக்கும் ஆபத்து.

சிவகாசி பட்டாசு ஆலை விபத்துகள் தனிக் கதை. அங்கே வெடிமருந்து சம்பந்தப்பட்ட விதிகள் வேறு. இந்தச் செய்தியில் நாம் பேசுவது கடை, ஆபீஸ், பனியன் கம்பெனி, குடோன், ஹோட்டல் போன்ற இடங்களைப் பற்றி.

தீயை விட புகைதான் எமன்... ஏன்?

தீ விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலானோர் உடல் கருகி இறப்பதில்லை. புகையைச் சுவாசித்து, மயங்கி, அதன்பிறகே தீ அவர்களைத் தொடுகிறது.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு விட்டுக்கொண்டே இருப்பீர்கள், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலை சுற்றும், எந்தப் பக்கம் வாசல் என்று புரியாது, கால் தளர்ந்துவிடும்.

இதோடு சோபா ஃபோம், செயற்கை நூல் துணி, பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு போன்ற விஷ வாயுக்களும் சேரும். கரும்புகையில் கண்ணைத் திறக்கவே முடியாது. தினமும் நடந்த இடம்கூட அந்த நேரத்தில் புது இடமாகத் தெரியும்.

சூடான புகை முதலில் மேலே போய்க் கூரையில் தங்கி, அங்கிருந்து கீழே இறங்கும். அதனால் ஆரம்பத்தில் தரையை ஒட்டித்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். புகையில் குனிந்தோ தவழ்ந்தோ போகச் சொல்வது இதனால்தான்.

ஒரு அறைக்குள் பிடித்த தீ, சில நிமிடங்களிலேயே அந்த அறையில் உள்ள எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விடும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அந்த நிமிடங்களைச் சாவி தேடுவதில் செலவழித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

'மின்கசிவு' என்று சொல்கிறார்களே, அது என்ன?

தீ விபத்துச் செய்தி என்றாலே "மின்கசிவு காரணமாக" என்ற வரி வரும். உண்மையில் இந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு பிரச்னைகள் இருக்கின்றன.

1. ஓவர்லோடு: வயர் தாங்கும் அளவை விட அதிக மின்சாரம் இழுப்பது. சாதாரண 6 ஆம்ப் பிளக்கில் எவ்வளவு இழுக்கலாம்? 6-ஐ 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். ஆபீஸில் தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் பலவும் 1,500 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை போகும். அதாவது ஒரு கெட்டிலே அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு அதிகம். அதே பாக்ஸில் கம்ப்யூட்டர், பிரிண்டர், டேபிள் ஃபேன் எல்லாம் சொருகியிருந்தால் வயர் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும்.

2. லூஸ் கான்டாக்ட்: ஸ்விட்ச் போர்டில், பிளக்கில் வயர் சரியாக இறுகாமல் இருப்பது. அந்த இடம் மட்டும் சூடாகி, உருகி, பொறி பறக்கும். பிளக் கருத்திருக்கிறதா, சொருகும்போது 'சர்' என்று சத்தம் வருகிறதா, போர்டு தொட்டால் சுடுகிறதா... இவை எல்லாம் எச்சரிக்கை மணி.

3. உண்மையான கசிவு: மின்சாரம் போகக்கூடாத வழியில், உதாரணமாக ஈரச் சுவர் வழியாக, பூமிக்குக் கசிவது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எம்சிபி ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் பிடிக்கும். ஆர்சிசிபி கசிவைப் பிடிக்கும். ஆனால் லூஸ் கான்டாக்டை இந்த இரண்டுமே பெரும்பாலும் பிடிக்காது. "எல்லாம் டிரிப்பர் இருக்கு சார், பயம் இல்ல" என்று யாராவது சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவையாவது எலக்ட்ரீஷியனை வைத்து இணைப்புகளை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தான பழக்கம்: எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரிய ஆம்ப் எம்சிபி மாட்டிவிடுவது. வயர் அதே பழைய வயர். இனிமேல் எம்சிபி விழாது, வயர்தான் எரியும்.

தீ ஆரம்பிக்கும் மற்ற இடங்கள்

* வெல்டிங் வேலை: கடையில் ரேக் மாட்ட, போர்டு மாட்ட வெல்டிங் வைப்பார்கள். பொறி பல அடி தூரம் பறந்து துணிக்குள், அட்டைக்குள் போய் விழும். உடனே எரியாது. உள்ளுக்குள் கனன்று, எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு பற்றும். வெல்டிங் முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். கடை அடைக்கும் நேரத்தில் வெல்டிங் வேலையே வேண்டாம்.
* சாமி விளக்கு: காலையில் கல்லாவில் விளக்கேற்றி ஊதுபத்தி வைப்பது நம்ம ஊர் வழக்கம். படத்துக்குப் பின்னால் தொங்கும் சீரியல் லைட், காய்ந்த மாலை, பக்கத்தில் பில் கட்டு... ஆயுத பூஜை அன்று இது இரட்டிப்பாகும். எரியாத தட்டில் வைத்து, கூடவே ஒருவர் இருந்து, அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.
* பேட்டரி: யுபிஎஸ் பேட்டரி காற்றோட்டம் இல்லாத மூலையில் இருக்கக்கூடாது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைப் படிக்கட்டுக்குக் கீழே சார்ஜ் போடுவது மிக ஆபத்து. அது தீப்பிடித்தால் நீங்கள் தப்பிக்கும் வழியே அடைபடும்.
* பஞ்சும் கழிவும்: பனியன் கம்பெனிகளில் மோட்டார் மேல், லைட் மேல் படியும் பஞ்சுத் தூசி ஒரே பொறியில் பற்றும். கட்டிங் வேஸ்ட்டை மாடிப்படியில் மூட்டை கட்டி வைப்பது, தப்பிக்கும் வழியில் விறகு அடுக்குவதற்குச் சமம்.
* கேஸ்: எல்பிஜி காற்றை விட கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தேங்கும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியே நின்று 1906-க்கு அழைக்க வேண்டும்.

வெளியேறும் வழி எப்படி இருக்கணும்?

தேசிய கட்டட விதித் தொகுப்பு 2016-ன் 4-வது பகுதி முழுக்க தீ பாதுகாப்பு பற்றித்தான். அதில் வெளியேறும் கதவுக்கான அடிப்படை விதிகள் எல்லோருக்கும் புரியும்படி இவைதான்:

* கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும்.
* வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கூட்டம் முண்டியடித்து வரும்போது உள்பக்கம் இழுத்துத் திறக்க இடமே கிடைக்காது.
* உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும்.
* லிஃப்ட் தப்பிக்கும் வழியாகக் கணக்கில் வராது.

படிக்கட்டுக் கதவு விஷயத்தில் நிறைய பேர் குழம்பும் ஒரு இடம் உண்டு. சில ஆபீஸ்களில் காற்று வரட்டும் என்று அந்தக் கனமான கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார்கள். சில இடங்களில் பூட்டியே வைத்திருப்பார்கள். இரண்டுமே தப்பு. திறந்தே கிடந்தால் படிக்கட்டு புகைபோக்கி மாதிரி ஆகி எல்லா மாடிக்கும் புகையை ஏற்றிவிடும். பூட்டியிருந்தால் யாரும் வெளியே வர முடியாது. நினைவில் வைக்க ஒரே வரி: கதவு மூடியிருக்கணும், பூட்டியிருக்கக் கூடாது.

ஜன்னலும் முக்கியம். கடை முகப்பு முழுக்க விளம்பரப் பலகையால் மூடிவிட்டால் புகை வெளியேறாது, ஏணி வைத்து மீட்கவும் முடியாது.

"கதவைத் திறந்து விட்டா சரக்கு காணாம போயிடுமே?"

முதலாளிகள் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானதுதான். திருட்டு பயம் உண்மை. ஆனால் பூட்டுப் போடுவது மட்டுமே அதற்கு வழி இல்லை.

* குறுக்கே ஒரு கம்பி வைத்த கதவு: உள்ளிருந்து அந்தக் கம்பியைத் தள்ளினால் போதும், திறந்துவிடும். வெளியிலிருந்து யாரும் வர முடியாது. பெரிய மால், தியேட்டர்களில் பார்த்திருப்பீர்கள்.
* கதவில் அலாரம்: யாராவது திறந்தால் உடனே சத்தம் போடும். சும்மா ஒருத்தரும் திறக்க மாட்டார்கள்.
* கதவுக்கு நேராக ஒரு கேமரா.

இரவில் ஊழியர்கள் உள்ளே தங்கும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். கடையின் மாடியில், பேக்கரியின் பரண் மேல், குடோனில் பையன்களைத் தூங்க வைத்து வெளியே ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் உண்டு. டெல்லி அனாஜ் மண்டியில் இறந்தவர்களும் இப்படி வேலையிடத்திலேயே தூங்கியவர்கள்தான். உள்ளே ஆள் இருந்தால் வெளியே பூட்டே போடக்கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

சிவப்பு சிலிண்டர்: எதற்கு எது?

சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பான் எல்லாமே ஒன்று இல்லை. தப்பான வகையை அடித்தால் தீ அதிகமாகும்.

* பேப்பர், மரம், துணி: தண்ணீர் வகை அல்லது ஏபிசி பவுடர்.
* பெட்ரோல், டீசல், பெயிண்ட், தின்னர்: நுரை வகை அல்லது பவுடர். தண்ணீர் கூடாது. எண்ணெய் மிதந்து தீ பரவும்.
* மின்சாதனம்: கார்பன் டை ஆக்சைடு அல்லது பவுடர். முதலில் மெயினை அணைக்க வேண்டும். தண்ணீர் கூடவே கூடாது.
* சமையல் எண்ணெய்: அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூடினாலே காற்று இல்லாமல் அணையும். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் வெடித்துச் சிதறும்.

எப்படிப் பயன்படுத்துவது? நான்கே படிகள். பின்னை இழுக்கணும். குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் குறி வைக்கணும், மேலே எழும் ஜ்வாலைக்கு இல்லை. கைப்பிடியை அழுத்தணும். இடமும் வலமுமாக வீசி அடிக்கணும். கார்பன் டை ஆக்சைடு வகையில் அகலமான வாய்ப் பகுதியைக் கையால் பிடிக்கக்கூடாது, கடுங்குளிரில் தோல் புண்ணாகும்.

சிலிண்டர் வேலை செய்யுமா என்று எப்படித் தெரியும்? பவுடர் வகையில் சின்ன மீட்டர் இருக்கும். முள் பச்சையில் இருந்தால் சரி. கார்பன் டை ஆக்சைடு வகையில் மீட்டரே இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்கணும். "மீட்டர் இல்ல, அதனால பிரச்னை இல்ல" என்று விட்டுவிட்டால், தேவைப்படும் நாளில் காலி சிலிண்டர்தான் கையில் இருக்கும்.

ஒரு உண்மையைச் சொல்லணும். சிலிண்டரில் இருப்பது அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். குப்பைத்தொட்டி அளவு தீக்குத்தான் அது. தீ உங்கள் உயரத்துக்கு எழுந்துவிட்டதா, புகை நிறைகிறதா, உங்களுக்குப் பின்னால் வாசல் இல்லையா? சிலிண்டரைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

தீப்பிடித்தால்... முதல் சில நிமிடங்களில் என்ன செய்யணும்?

1. சத்தம் போடுங்க. "தீ! தீ!" என்று கத்தி, அலாரத்தை அழுத்துங்க. முதலாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம்.
2. முடிந்தால் மெயின் ஸ்விட்சையும் கேஸையும் அணைக்கவும். அதற்காகத் தீக்குப் பக்கத்தில் போகக்கூடாது.
3. உடனே கிளம்பணும். பை, லேப்டாப், கல்லாப் பணம், வண்டிச் சாவி... எதுக்கும் திரும்ப வேண்டாம்.
4. லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டுதான். மின்சாரம் போனால் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும், புகையும் உள்ளே வரும்.
5. கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்திவிட்டு வரணும், பூட்டக்கூடாது.
6. வெளியே வந்ததும் 101 அல்லது 112-க்கு அழைக்கவும். ஊர், தெரு, பக்கத்தில் தெரிந்த அடையாளம், எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பதைச் சொல்லணும். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்க வேண்டாம்.
7. ஒரே இடத்தில் கூடி ஆள் எண்ணிக்கை எடுக்கணும். யார் இல்லை என்று தீயணைப்பு வீரரிடம் சொல்லுங்க. தேடி நீங்களே உள்ளே போகாதீங்க.

புகையில் மாட்டிக்கொண்டால்?

கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்தப் பக்கம் தீ இருக்கிறது, திறக்க வேண்டாம். வேறு வழி இல்லையென்றால் ஜன்னல் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியை அடைத்து, ஜன்னல் வழியாகத் துணியை ஆட்டியோ போன் டார்ச்சைக் காட்டியோ உதவி கேளுங்கள். ஈரத்துணியால் மூக்கை மூடுவது எரிச்சலைக் குறைக்கும், ஆனால் கார்பன் மோனாக்சைடை வடிகட்டாது. துணி கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் புகைக்குள் நுழைய வேண்டாம்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று பட்டு இன்னும் எரியும். நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருளணும். பக்கத்தில் இருப்பவர்கள் கனமான பருத்திப் போர்வையால் மூடலாம்.

தீக்காயத்துக்கு ஓடும் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் காட்டுவதுதான் முதல் உதவி. ஐஸ், பேஸ்ட், மாவு, மஞ்சள், இங்க் எதுவும் தடவ வேண்டாம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். உடனே 108.

சட்டப்படி யார் பொறுப்பு?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-வது பிரிவு, தீயைத் தடுப்பதோடு பாதுகாப்பாகத் தப்பிக்கும் வழி, அணைக்கும் கருவிகள் இரண்டையும் நிர்வாகம்தான் வைத்திருக்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. தப்பிக்கும் வழி எது என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பயிற்சியும் தர வேண்டும் என்றும் சொன்னது. பிறகு கொண்டுவரப்பட்ட 2020-ம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது நிர்வாகத்தின் கடமை என்றே சொல்கிறது.

தமிழ்நாட்டில் தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கடை, ஹோட்டல் என்றால் தொழிலாளர் துறை, கட்டடத்தின் தீ பாதுகாப்பு என்றால் பக்கத்துத் தீயணைப்பு நிலையம்... இவர்களிடம் புகார் சொல்லலாம். "வேலை போயிடுமே" என்ற பயம் இருக்கும். தனியாகச் சொல்லத் தயங்கினால் நான்கைந்து பேர் சேர்ந்து முதலில் மேலாளரிடம் பேசுங்கள். பூட்டிய கதவை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் தீயணைப்புத் துறையினர் பல இடங்களில் செயல்விளக்கம் காட்டுவார்கள். உங்கள் இடத்துக்கும் கேட்டுப் பாருங்கள். அது போக, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எல்லோரும் படிக்கட்டு வழியாக வெளியேறும் ஒத்திகை நடத்தினால் போதும், பதற்ற நேரத்தில் கால் தானாக வழி தேடும்.

இன்னைக்கே செய்ய வேண்டிய 10 நிமிட சோதனை

* இரண்டாவது வழியில் நடந்து கீழே வரை போய்ப் பாருங்க. கதவு சாவி இல்லாமல் திறக்குதா?
* படிக்கட்டில் அட்டைப்பெட்டி, பழைய நாற்காலி, பைக் இருக்கா?
* இருட்டிலும் தெரியும் மாதிரி வெளியேறும் வழி பலகை இருக்கா?
* உங்கள் இருக்கையிலிருந்து 15 மீட்டருக்குள் தீயணைப்பான் இருக்கா? எந்த வகை? முள் பச்சையில் இருக்கா?
* எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகியிருக்கா?
* மெயின் ஸ்விட்ச் எங்கே?
* வெளியே வந்தால் எல்லோரும் கூடும் இடம் எது?
* நடக்க சிரமப்படுபவர், கர்ப்பிணி, பார்வைக் குறைபாடு உள்ளவர் இருந்தால் அவரை யார் அழைத்து வருவது என்று பேசி வைத்திருக்கீங்களா?

இதில் எதற்காவது பதில் "இல்லை" என்றால் அதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. அட்டைப்பெட்டியை நகர்த்தக் காசு வேண்டாம். பூட்டைக் கழற்றவும் வேண்டாம். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடாமல், இன்று வேலை முடிந்து கிளம்பும்போது வழக்கமான வாசலை விட்டுவிட்டு அந்த இரண்டாவது வழியாகப் போய்ப் பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்கவில்லை என்றால், நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.

அவசர எண்கள்: தீயணைப்பு 101 | அனைத்து அவசர உதவி 112 | ஆம்புலன்ஸ் 108 | எல்பிஜி கசிவு 1906